சொந்த வசதிக்காக

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வர வேண்டியதே இல்லை. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக மாதம் ஒருமுறை வரும் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'வங்கிப் பணி: நன்மைகளும் தீமைகளும்'. பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் தீமை. கடைசி வரியில் 'ஆக மொத்தத்தில் நன்மைகளே மிகுதி' என்று முடித்துவிட வேண்டும், படிக்கிற பிள்ளைகளின் மனசு உடைந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

நான் தலையாட்டினேன். என் மனைவி வங்கியில் தலைமைக் காசாளர். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. வங்கியைப் பற்றி எழுத நான் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. நான் எழுத்தாளன். அது சரி, பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன்: வங்கி வேலையின் முதல் நன்மை நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். இடப்பக்கம் மளமளவென்று நிறைந்தது. மாதம் பிறந்தால் சம்பளம். வெளியாட்கள் கனவிலும் காணாத வட்டியில் வீட்டுக் கடன். குடும்பத்துக்கே மருத்துவச் செலவு. வயதான பிறகு ஓய்வூதியம். தெருவில் மரியாதை. நாங்கள் குடியிருக்கும் வீடு, என் அம்மாவின் கண் அறுவை, நான் உட்கார்ந்து எழுதும் நாற்காலி எல்லாம் அந்தப் பக்கத்தில் வந்து சேர்ந்தன.

வலப்பக்கத்துக்கு அவளைக் கேட்டேன். உன் வேலையில் என்ன கஷ்டம், ஒரு நாலைந்து சொல்லு என்றேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய்க் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து என் கட்டுரையின் மேலேயே வைத்தாள்.

"இதப் போடுங்க, வலப்பக்கத்துல."

அந்தத் தாளை நான் முன்பே பார்த்திருந்தேன். முந்தின நாள் மாலை அவளுடைய மேலாளர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. அது வீட்டில் இருப்பது தெரிந்தும்தான் நான் நன்மைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். தட்டச்சு செய்த ஒரு வாக்குமூலம். கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. நடுவில் ஒரு வாக்கியம்: 'எனது சொந்த வசதிக்காக, மேலாளர் வசம் இருந்த சாவியை நானே கேட்டுப் பெற்றுக்கொண்டேன்.'

அது பொய். திங்கட்கிழமை காலை விசாரணை. கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனால் ஒரு சம்பள உயர்வை நிறுத்திவிட்டு விட்டுவிடுவார்கள். போடாவிட்டால் பணியிடை நீக்கம், பாதிச் சம்பளம், வருஷக்கணக்கில் இழுக்கும் விசாரணை, கடைசியில் வேலையே போகலாம். வேலை போனால் வீட்டுக் கடனின் வட்டி வெளியாட்கள் கட்டும் வட்டியாக ஏறிவிடும், வீடும் போகும். இதுதான் கதை. மறைத்து வைத்திருந்து கடைசியில் எடுத்துக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். அடித்ததையும் அப்படியே விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

முதலாவது: 'பெட்டக அறையின் இரும்புக் கதவு கோடையிலும் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர்ச்சியில் காசாளர் தன் இளமையை—'

[என் இளமைய விடுங்க. அந்த ரூம்ல காத்தே கிடையாது. எலி மருந்து நாத்தம். உள்ள போனா வேர்த்துக் கொட்டும்.]

சதுர அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள். ஒவ்வொரு தாளையும் வாங்கிப் படிக்கிறாள், கையில் பென்சில் வைத்திருக்கிறாள். எத்தனையோ கதை எழுதியிருக்கிறேன், எதையும் அவள் இப்படிக் கேட்டு வாங்கிப் படித்ததில்லை. நேரம் இருந்ததில்லை என்பாள்.

இரண்டாவது: 'இரண்டு சாவிகளும் தன் கைக்கு வந்த கணத்தில் காசாளருக்கு விசித்திரமான ஓர் அதிகார மயக்கம்—'

[மயக்கம் வந்தது நெசந்தான். மத்தியானம் சாப்பிடல.]

மூன்றாவது: 'பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும்.'

இதற்கு அவள் ஒன்றும் எழுதவில்லை. அதாவது சரி.

3

பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று மேலாளரிடம், இன்னொன்று காசாளரிடம். காலையில் இருவரும் சேர்ந்து நின்று திருகினால்தான் கதவு திறக்கும். மாலையில் இருவரும் சேர்ந்துதான் பூட்ட வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டும் சேரக் கூடாது. ஒருவர் விடுப்பில் போவதென்றால் தன் சாவியை வேறோர் அதிகாரியிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். யாரையும் நம்பாதே என்பதை நாகரிகமாகச் சொல்லும் ஏற்பாடு. அடுத்தவர் பணம் இருக்கும் இடத்தில் அது நியாயம்தான், நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தச் சாவி ஒரு மனுஷியின் கைப்பையில் குடியிருக்கிறது. அது வந்து சேர்ந்த நாளிலிருந்து காசாளருக்குக் காய்ச்சல் வரக் கூடாது. வெளியூரில் கல்யாணம் என்றால் சாப்பிடக் காத்திராமல் பஸ் ஏறிவிடுவாள். சினிமாக் கொட்டகையில்கூட மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்காருவாள், பக்கத்தில் நான் இருக்கிறேன் என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அவள் அப்பா ஒரு விடிகாலையில் இறந்தார். அவளுடைய அண்ணன் தொலைபேசியில் சொன்னார். அவள் அழவில்லை, எழுந்து போய்க் கைப்பையைத் தேடினாள். சாவியை ஒப்படைக்காமல் ஊருக்குப் போனால் அன்றைக்குக் கிளையே திறக்காது. ஆகவே முதலில் வங்கிக்குப் போனாள். சாவியை வாங்கிக்கொள்ள வேண்டிய அதிகாரி வரும்வரை பூட்டிய ஷட்டருக்கு வெளியே நின்றாள். அவர் வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தார், அவர் மேல் தப்பில்லை. அவள் ஊர் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்து எல்லோரும் திரும்பிவந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் 'தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத அந்தக் கண்கள்—' என்று ஆரம்பித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவள் அடித்த வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது. [இத அழகா எழுதாதீங்க.]

(ஓர் இடைக்குறிப்பு. அந்தக் கிளையில் பெண்களுக்கான கழிப்பறை இருக்கிறது. அதில் உடைந்த நாற்காலிகளையும் பழைய கணினிப் பெட்டிகளையும் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். காசாளர் பக்கத்துத் தையல் கடைக்குப் போய்வருவாள், அதற்காகவே மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். 'சொந்த வசதி' என்ற சொல்லைத் தட்டச்சு செய்த ஆளுக்கு இதை நேரில் சொல்ல எனக்கு ஆசை.)

அப்படியானால் வேலையை ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். விட அவளுக்கு மனசில்லை, அதுதான் உண்மை. காலையில் இரண்டு சாவிகளும் திரும்பி, உள்ளே தாழ் நகரும் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். பக்கத்துக் கவுன்ட்டர் காலியாகக் கிடந்தாலும் ஜனங்கள் இவள் வரிசையில் வந்து நிற்பார்கள், அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். கல்யாணமான புதிதில் ஒரு சேலை வாங்கிக்கொண்டு வந்தவளிடம் என் அம்மா, யாரைக் கேட்டு வாங்கினாய் என்றாள். முதல் சம்பளம் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி வரவே இல்லை.

[இத இடப்பக்கத்துல போடுங்க. உங்களுக்குக் கீழ இல்ல, மேல.]

4

சம்பவம் நடந்த அன்று கிளையில் பாதி நாற்காலிகள் காலி. ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்தில் ஆள் போடவில்லை. மேலாளருக்கு அடுத்த நிலையில் இருக்கும் கடன் அதிகாரியைக் காப்பீடு விற்கும் முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். வங்கியில் காப்பீடு எதற்கு விற்கிறார்கள் என்று கேட்டுவிடாதீர்கள், கேட்டால் எனக்கு இன்னொரு கதை எழுத வேண்டி வரும், அதற்கும் இதே அளவு கோபம் தேவைப்படும்.

மத்தியானம் மேலாளருக்குத் தொலைபேசி வந்தது. அவர் மகள் பள்ளிக்கூட மாடிப்படியிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடக்கிறாள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். மனுஷன் அறையைவிட்டு வெளியே வந்து, வழி தெரியாதவர் மாதிரி நின்று, பிறகு தன் சாவியைக் காசாளரின் மேசை மேல் வைத்தார்.

"சாயங்காலம் நீங்களே பூட்டிடுங்க. காலைல வந்து வாங்கிக்கறேன்."

"நீங்க கெளம்புங்க சார். மொதல்ல குழந்தையப் பாருங்க."

இவ்வளவுதான் பேச்சு. நான் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முறைப்படி ஒப்படைக்க அங்கே வேறு அதிகாரியே கிடையாது. அந்த நேரத்தில் ஒரு தகப்பனிடம் விதியைப் பேசுவதற்குக் காசாளருக்கு வாய் வரவில்லை. தன் அப்பா இறந்த அன்று ஷட்டருக்கு வெளியே தான் நின்றது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று எழுதினேன்.

[வரல. எதுவும் ஞாபகம் வரல. அவர் போகணும், அவ்வளவுதான்.]

மாலையில் காவலாளியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இரண்டு சாவிகளாலும் பூட்டினாள். வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். அன்று அவள் சரியாகத் தூங்கவில்லை. நான் தூங்கினேன்.

5

மறுநாள் ஓய்வூதியம் போடும் நாள். ஷட்டருக்கு முன்னால் வயதானவர்கள் கூட்டமாக நின்றார்கள், சிலர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மேலாளர் வரவில்லை. அவருடைய தொலைபேசி அணைந்து கிடந்தது.

காசாளர் செய்தது என்ன தெரியுமா? ஒளித்தாளா? மழுப்பினாளா? வட்டார அலுவலகத்தைத் தானே கூப்பிட்டாள். இரண்டு சாவிகளும் என்னிடம் இருக்கின்றன, இது முறையில்லை, யாராவது ஓர் அதிகாரியை அனுப்புங்கள் என்றாள். அங்கிருந்த பெரிய அதிகாரி, அனுப்ப ஆள் இல்லை, நீங்களே திறந்து வேலையை ஆரம்பியுங்கள், சாவி விஷயத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றார்.

"எழுத்துல குடுத்துடறீங்களா சார்?"

"ஜனங்க வெயில்ல நிக்கறாங்கன்னு நீங்கதானம்மா சொல்றீங்க? மொதல்ல கதவத் திறங்க."

திறந்தாள். ஒரு சாவியைப் போட்டுத் திருகினாள், பிறகு இன்னொன்றைப் போட்டுத் திருகினாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது, அன்று மட்டுமல்ல, பிறகு துருவித் துருவிப் பார்த்தபோதும் ஒரு பைசா குறையவில்லை. பதினொரு மணி வாக்கில் மேலாளர் வந்தார். மகள் கண் விழித்துவிட்டாள், தையல் போட்டிருக்கிறார்கள், பயமில்லை என்றார். தன் சாவியை வாங்கிக்கொண்டார். உங்களை மறக்க மாட்டேன் என்றார்.

மறக்கத்தான் இல்லை. கேட்டவர்களிடம் முதலில் அவள் பெயரைத்தான் சொன்னார்.

6

சில வாரங்கள் கழித்துத் திடீர் ஆய்வுக்கு ஒரு குழு வந்தது. கேமராப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தார்கள். பெட்டக அறை வாசலில் சாவி போடுவது காசாளர் ஒருத்தி மட்டும், முதலில் ஒரு சாவி, பிறகு மறு சாவி. மேலாளர் சாவியை மேசையில் வைத்தது பதிவில் இல்லை. அவளுடைய மேசை ஒரு தூணுக்குப் பின்னால் இருக்கிறது, அங்கே எந்தக் கேமராவும் எட்டிப் பார்ப்பதில்லை. (தூண் என் கற்பனை என்று நினைப்பீர்கள். நானாக இருந்தால் இதைவிட நம்பும்படியாக எதையாவது வைத்திருப்பேன்.)

மேலாளரைக் கேட்டார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்த சமயம் அது. காசாளர் தினமும் சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்புவார், காத்திருக்காமல் பூட்டிவிட்டுக் கிளம்பத் தன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், தான் மகளின் கவலையில் யோசிக்காமல் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வட்டார அலுவலகத்துப் பெரியவரைக் கேட்டார்கள். அப்படி ஒரு தொலைபேசி வந்ததாகவே தனக்கு நினைவில்லை என்றார். தினமும் ஆயிரம் பேர் கூப்பிடுவார்களாம்.

எனக்கு வயிறு எரிகிறது. இதைப் படிக்கிற உங்களில் யாராவது அலுவலகம் ஒன்றில் பெரியவராக இருந்தால் தயவுசெய்து என் கண்ணில் பட்டுவிடாதீர்கள். வாயால் உத்தரவு போடுவது, எழுத்தில் கேட்டால் சிரிப்பது, சிக்கல் வந்தால் நினைவில்லை என்பது. இந்த வித்தையை எந்தப் போட்டித் தேர்வுக்குப் படித்துத் தேறுகிறார்கள் என்று அந்தப் பத்திரிகை ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்.

சங்கத்துக்குப் போனாள். சங்கத்துக்காரருக்கு எங்கள் வீட்டில் 'சமரசம்' என்று பெயர். கொடி பிடித்து ஊர்வலம் போகும்போது அவர் தொண்டையைக் கேட்க வேண்டும். அறைக்குள் வந்ததும் குரல் இறங்கிவிடும். மேலிடத்தில் பேசிவிட்டேன் என்றார். சின்னத் தண்டனையோடு முடித்துக்கொள்கிறார்கள், ஒரு வாக்குமூலம் மட்டும் வேண்டும், வார்த்தையில் என்ன இருக்கிறது, போட்டுக் கொடுத்துவிடுங்கள் தங்கச்சி என்றார்.

7

இந்த மேலாளர் பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவரை இத்தனை கெட்டவராக்கினால் கதை மலிவாகிவிடாதா? நல்ல எதிராளி என்றால் அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். ஆகவே அவருக்கு ஒரு பொல்லாத மாமனாரையும், தீராத கடனையும், ஒரு நெஞ்சுவலியையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன்.

[எதுக்கு இதெல்லாம்? அவர் நல்லவர்தான். அன்னிக்கு அழுதாரு. நல்லவங்க பொய் சொன்னாத்தான் இப்படி எரியுது.]

சரி, நல்லவராகவே இருக்கட்டும். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். என் அம்மா டீ கொடுத்தாள். அவர் தாளை எடுத்து மேசையில் வைத்து, அது காற்றில் பறக்காமலிருக்க ஆப்பிள் பையை அதன்மேல் வைத்தார். பேச்செல்லாம் தரையைப் பார்த்துத்தான். உண்மை வெளியே தெரிந்தால் தனக்குப் பதவி உயர்வு மட்டும் போகாது, வேலையே போய்விடும், மகளுக்கு இன்னும் சிகிச்சை இருக்கிறது, காசாளருக்கோ ஒரு சம்பள உயர்வோடு போய்விடும் என்றார். அண்ணன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார். "உங்களுக்கென்னம்மா, சார் இருக்காரு. எங்க வீட்டுல நான் ஒருத்தன் சம்பாத்தியம்."

காசாளர் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. மேலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நான் ஆப்பிள் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

8

அவர் போனதும் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று வாய் முளைத்தது.

அவளுடைய அண்ணன் தொலைபேசியில் வந்தார். கூடப் பிறந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், வீம்பு பிடிக்காதே என்றார். அவர் கடைக்கு வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டவள் இவள்தான், அதையும் நடுவில் நாசூக்காக நினைவூட்டினார். என் அம்மா, ஆம்பளைங்க உலகத்துல ஆயிரம் இருக்கும், நீதான் அனுசரிச்சுப் போகணும் என்றாள். அம்மாவின் கண் அறுவைக்கு ஆன செலவை இந்த வேலைதான் கொடுத்தது. அந்தக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இதையும் சொன்னாள்.

ஒருவர்கூட, அது பொய்தானே என்று கேட்கவில்லை. பொய் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் அந்த வாக்கியத்தை ஒவ்வொருவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். சம்பள உயர்வு போனால் போகட்டும், பிள்ளைப் பூச்சி மாதிரி அந்த 'சொந்த வசதிக்காக' மட்டும் காதுக்குள் குடைகிறது என்றாள். தண்டனை கொடுங்கள், பொய்யை என் கையால் எழுதி வாங்காதீர்கள், இதுதான் அவள் கேட்பது. இது அவ்வளவு பெரிய கோரிக்கையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

எனக்கு இந்த இடத்தில் எல்லோரையும் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. அவர்கள் யாரும் என் எதிரில் இல்லை, ஆகவே இந்தப் பத்தியில் கேட்டுவிட்டேன்.

9

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் காசாளர் திங்கட்கிழமை விசாரணை அறைக்குள் நுழைகிறாள். தாளை நாலாகக் கிழித்து அவர்கள் முன்னால் போடுகிறாள். சாவியை மேசையில் வீசுகிறாள். அது மரத்தில் மோதி எழுப்பிய ஓசையில் அதிகாரிகள்—

[சாவிய வீசினா அதுக்குத் தனியா ஒரு மெமோ வரும்.]

இரண்டாவதில் ஓர் உண்மை விளம்பி வருகிறான். தொலைபேசி நிறுவனத்திலிருந்து அந்தக் காலையின் பேச்சு பதிவாகக் கிடைக்கிறது. பெரியவரின் முகம் வெளுக்கிறது. மேலாளர் ஓடிவந்து—

[கேட்டுப் பாத்தாச்சு. கூப்பிட்டதுதான் தெரியுமாம், பேசினது தெரியாதாம். இந்த மாதிரி முடிவ சினிமாக்காரங்களுக்குக் குடுங்க.]

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. அவள் கையெழுத்துப் போடுகிறாள். பிறகு ஜன்னலருகே போய் நிற்கிறாள். மேசையில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போகிறார்கள். அவள் முகத்தில் கோபமா நிம்மதியா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அடக்கமான, கனமான, விமர்சகர்கள் பாராட்டும்படியான முடிவு. ஒரே மூச்சில் எழுதினேன், ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை.

இதன் ஓரத்தில் அவள் நீண்ட நேரம் பென்சிலை வைத்திருந்தாள். பிறகு சின்னதாக எழுதினாள். [இது எவ்வளவு வேகமா வந்திருக்கு பாருங்க.]

10

மாலையாகிவிட்டது. முதல் தாளிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் வாங்கிப் படித்தாள். இந்த முறை எதையும் அடிக்கவில்லை. பென்சிலை மேசையில் வைத்துவிட்டு, வாக்குமூலத் தாளை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. மேனேஜர் மேல கோவப்பட்டிருக்கீங்க. சங்கத்துக்காரர் மேல, எங்க அண்ணன் மேல, உங்க அம்மா மேலகூடக் கோவப்பட்டிருக்கீங்க. நான் கையெழுத்துப் போடணுமா வேண்டாமான்னு மட்டும் நீங்க எங்கயுமே சொல்லல."

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவதுதான் மரபு என்று விளக்கினேன். வாசகர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றேன்.

"வாசகரா வந்து வீட்டுக் கடன் கட்டப் போறாங்க?" என்றாள். குரல் உயரவில்லை. "நான் சொல்றேன் கேளுங்க. நான் போடறதா இல்ல. நாளைக்குப் போயி நடந்தத நடந்தபடி சொல்லப் போறேன். பாதிச் சம்பளந்தான் வரும், எத்தன வருஷத்துக்குன்னு தெரியாது. அதுக்கு நீங்க ஒரு வேலைக்குப் போகணும். ட்யூஷன் எடுங்க, கடையில கணக்கு எழுதுங்க, எதுவா வேணா இருக்கட்டும். போறேன்னு சொன்னீங்கன்னா இந்தத் தாள இப்பவே கிழிச்சுடறேன். போக முடியாதுன்னா அதயும் சொல்லிடுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன், உங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். எது?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு நிமிஷம், நீ சொன்னது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன் என்றேன்.

அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் கதவருகிலேயே நிற்கிறாள். தாள் அவள் கையில் இருக்கிறது. நான் தலை நிமிராமல் எழுதுகிறேன், அவள் புடவையின் கரை மட்டும் தெரிகிறது. இன்னும் என்னென்னவோ எழுதலாம். அறையில் விளக்குப் போடவில்லை என்று எழுதலாம். பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்கிறது என்று எழுதலாம். நாளைக்கு அவள் உடுத்தப் போகும் சேலை இஸ்திரி போட்டுத் தயாராக இருப்பதை ஒரு பத்தி வர்ணிக்கலாம். எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

முடிவு உங்கள் கையில் என்று நான் சொல்லப்போவது அலங்காரப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும்வரை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்வரை நான் எழுதுவதை நிறுத்த வேண்டியதில்லை. நான் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும், நானாக நிறுத்துவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் கண்ணை எடுத்தால்தான் எனக்கு வேறு வழியில்லாமல் போகும், தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்து ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

மூடி வையுங்கள்.

அவள் கால் வலிக்க நிற்கிறாள், நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.